குடத்துக்குக் காசு

என் தங்கையின் படம் செய்தித்தாளில் வந்த அன்று, கணவர் எழுவதற்கு முன்பே அதை எடுத்துப் பழைய பேப்பர் கட்டுக்கு அடியில் செருகிவிட்டேன். பயனில்லை. காபி ஆறுவதற்குள் அந்தப் படம் அவருடைய செல்போனுக்கு வந்துவிட்டது.

“உன்ற தங்கச்சியப் பாரு, சேலத்துல மேடையேறிப் பேசியிருக்குது,” என்றார்.

“பாத்தேன். சேலைக்கும் ஜாக்கெட்டுக்கும் சேரவே இல்லை,” என்றேன்.

நாங்கள் இருவரும் திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி வைத்திருக்கும் வீடுகளில் வாழ்க்கைப்பட்டவர்கள். போர்வெல் போடும் அந்த வண்டிகள் எங்கள் வீட்டில் பல ஓடின. அவள் வீட்டில் இருந்தது பழைய வண்டி ஒன்றுதான். இங்கே தொழில் படுத்த சமயத்தில் அவள் கணவர் அதைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார். பிழைக்க வழியில்லாமல் போகிறார்கள் என்று ஊரே பேசியது. நானும் ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் கட்டிக் கொடுத்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பொய்யாக அழவில்லை. ஆனால் அவளுக்காகப் பரிதாபப்படுவது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

அங்கே ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை வறண்ட கிராமங்களில் இலவசமாகப் போர் போட்டு அடிபம்பு வைத்துக்கொண்டிருந்தது. அந்த வேலை இவர்களுக்குக் கிடைத்தது. கணக்கு வழக்குப் பார்க்கப் போன தங்கை, கணக்கோடு நிற்கவில்லை. முன்பு வைத்த பம்புகளை வண்டியில் போய்ச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். பாதிக்குமேல் துருப்பிடித்துக் கிடந்தன. ஒரு வாஷர் தேய்ந்துபோனால் மாற்ற ஆளில்லை. பெண்கள் மறுபடியும் குட்டைக்கே நடந்துகொண்டிருந்தார்கள்.

அறக்கட்டளைக்காரர்களிடம் அவள் நன்கொடை கேட்கவில்லை. ஒரு கம்பெனி தொடங்க முதலீடு கேட்டாள். பம்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கும். அதிலிருந்து, பம்பைப் பழுது பார்க்கப் பழகிய உள்ளூர்ப் பெண்களுக்குச் சம்பளம், உதிரி பாகங்களுக்குச் செலவு. மிச்சம் அறக்கட்டளைக்குத் திரும்பிப் போய், அடுத்த ஊரில் இறங்கும். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஊர் ஊராக அது பரவியது. அவளைப் பற்றிய பேச்சும் பரவியது.

லீவுக்கு வந்தவளிடம் கேட்டேன். “தண்ணிக்குக் காசு வாங்கறது பாவமில்லையா கண்ணு? அதுவும் இல்லாதப்பட்டவங்ககிட்ட?”

“அவங்க ஏற்கெனவே குடுத்துக்கிட்டுத்தான் இருக்கறாங்கக்கா. சைக்கிள்ல கேன் கட்டீட்டு வர்றவன்கிட்ட, இதைவிட ஜாஸ்தியா. அதுவும் குட்டைத் தண்ணிக்கு.”

அவள் சொன்னது தப்பாக இருந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

ஒருமுறை, அங்கிருந்து இரண்டு பெண்களைப் பம்பு வேலை பழகத் தங்கை இங்கே அழைத்து வந்தாள். எங்கள் வீடு பெரியது என்பதால் மூவரும் என்னிடம் தங்கினார்கள். நான் இட்லி ஊற்றினேன், கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். அவர்கள் என்னை ‘மேடம்’ என்றார்கள். என் தங்கையை ‘அக்கா’ என்றார்கள். அவள்தான் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவை அக்கா என்று கூப்பிடும்போதும் நான் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவள்தான் எழுந்து போனாள்.

அப்போதுதான் நானும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவெடுத்தேன். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பிறந்த ஊரில் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அங்கே ஒரு ஆர்.ஓ. பிளாண்ட் போட்டேன், முழுக்க இலவசமாக. மைக் செட், மாலை, கூட்டம், என் பெயரையும் கணவர் பெயரையும் பொறித்த கல்வெட்டு. படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். இதயப் படங்களாகப் பதில் வந்தது. அதற்குக் கீழே ஒரு கேள்வி: “ஃபில்டர் ஆருக்கா மாத்துவாங்க?”

மாலையோடு நான் நின்ற இன்னொரு படத்தை அனுப்பினேன்.

அடுத்த கோடைக்கு முன்பே பிளாண்டுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் அம்மா கூப்பிட்டார். “ஏனுங் அம்மிணி, தண்ணி கப்படிக்குதுங்க. மோட்டாரும் நின்னுபோச்சு.” ஆள் அனுப்பிச் சரிசெய்தேன். மறுபடியும் நின்றது. நேரில் போய்ப் பார்த்தேன். குழாய்த் திருகு உடைந்திருந்தது. நன்றாக ஓடிய நாளில் அந்தத் தண்ணீரில் பைக் கழுவியிருக்கிறார்கள். இப்போது கல்வெட்டைச் சுற்றி நான் போட்ட கம்பியில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். வேனில் வந்த கேன் தண்ணீரை விலைக்கு வாங்கித் தூக்கிக்கொண்டு பெண்கள் என்னைக் கடந்து போனார்கள்.

“சும்மா வந்ததுதானேன்னு ஒருத்தரும் கண்டுக்கலீங்க,” என்றார் மளிகைக் கடை அம்மா. அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்த தங்கை என்னிடம் சொல்லாமலே போய் அதைப் பார்த்திருக்கிறாள். மளிகைக் கடை அம்மாவோடும் அவருடைய மகளிர் குழுவோடும் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். பிறகு என் வீட்டுக்கு வந்தாள்.

“குழு எடுத்து நடத்தறேங்குதுக்கா. குடத்துக்கு இத்தனைன்னு வாங்கிக்குவாங்க. முடியாத ஊட்டுக்குச் சும்மா விட்டுருவாங்க, அது ஆருன்னு அவங்களுக்கே தெரியும். ஆனா பிளாண்டு உன்றது. நீ சரின்னாத்தான்.”

“என்ற பேர்ல தர்மம்னு கல்லுல வெட்டியிருக்குது. அதுக்கு முன்னால நின்னு காசு வாங்குவீங்களா?”

“அக்கா, அங்க தண்ணியே வரலை.”

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றேன். அவள் போன பிறகும் சொல்லவில்லை. தண்ணீர் ஓடினால் அவளால்தான் ஓடியது என்பார்கள். அந்த ஒன்றுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கணவர்தான் கேட்டார்.

“தண்ணி வரோணும்னு போட்டியா, பேரு வரோணும்னு போட்டியா?”

அன்றைக்கே மளிகைக் கடை அம்மாவைக் கூப்பிட்டு, நடத்திக்கொள்ளச் சொன்னேன்.

நடத்தினார்கள். ஃபில்டரை வேளைக்கு மாற்றினார்கள். திருகை உடைத்தால் கடை வாசலில் நின்றே திட்டினார் அந்த அம்மா. காசு கொடுத்து வாங்குவதால் குடம் நிறைந்த உடனே குழாயை மூடினார்கள். வேன்காரர் வருவது நின்றுபோனது. உண்மையாகவே நல்ல தண்ணீர். குடித்துப் பார்த்து நானே ஒரு குடம் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். காசு கொடுத்துத்தான்.

சில மாதம் கழித்து, அந்த அறக்கட்டளைக்காரர்களைத் தங்கை அழைத்துக்கொண்டு வந்தாள். நான் நல்ல பட்டு கட்டிக்கொண்டு முன்னாலேயே போய் நின்றேன். “இதைப் போட்டது எங்க அக்கா,” என்றாள் அவர்களிடம். இங்கிலீஷில் அவள் சொன்னது எனக்கே புரிந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், கல்வெட்டோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். நெஞ்சு நிறைந்தது. ஆனால் அது சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு எல்லோரும் மளிகைக் கடை வாசலில் தரையிலேயே உட்கார்ந்து அந்த அம்மாவையும் தங்கையையும் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். காசு கொடுக்க முடியாதவர்களை எப்படி முடிவு செய்கிறீர்கள், பழுதானால் என்ன செய்கிறீர்கள், பக்கத்து ஊர்கள் கேட்கின்றனவா. “சின்னம்மிணி சொன்னபடிதானுங்க,” என்று தங்கையைக் காட்டியே ஒவ்வொன்றுக்கும் ஆரம்பித்தார் அந்த அம்மா. நான் இளநீர் வெட்ட ஆள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து ஊர்கள் கேட்கின்றனவா என்ற கேள்வி மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. தங்கை விமானம் ஏறிய வாரமே, தம்மம்பட்டி போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊருக்கு நானே கிளம்பிப் போனேன். அங்கேயும் உப்புத் தண்ணீர்தான். மாரியம்மன் கோவில் வேப்பமரத்தடியில் பெண்கள் கூடியிருந்தார்கள்.

“பாதிப் பணம் நான் போடறேனுங்க. மீதி உங்க குழு கடன் எடுத்துப் போடோணும். குடத்துக்குக் காசு உண்டு, இப்பவே சொல்லிப்புடறேன். ஃபில்டர் மாத்தறது உங்க பொறுப்பு. கல்வெட்டு வேண்டாம்.”

தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்க, பேப்பர்ல வந்த அந்த ஆப்பிரிக்கா அம்மிணி நீங்கதானுங்களா?”

“இல்லீங்க. அது என்ற தங்கச்சி.”

“அதானே பாத்தேன்,” என்றாள் அவள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். உப்பென்றால் அப்படியொரு உப்பு. மோட்டார் எந்த இடத்தில் வைக்கலாம் என்று கேட்டபடி எழுந்தேன். அவர்களும் இடம் காட்ட எழுந்து வந்தார்கள். வீடு திரும்பும் வழியில் தங்கையிடமிருந்து போன் வந்தது. எங்கே இருக்கிறாய் என்றாள். சும்மா கோவிலுக்கு வந்தேன் என்றேன். பிளாண்ட் ஓடத் தொடங்கும் வரை அவளிடம் சொல்வதாக இல்லை.