அசன அண்டாவும் அடிமைக் கப்பலும்

எங்கள் சபைக்கு ஞாயிறு ஆராதனை மத்தியானத்தில்தான். காலை நேரம் கட்டடத்தின் சொந்தக்காரர்களான அமெரிக்கர்களுக்கு. அவர்கள் காபி குடித்துக் கலைந்த பிறகு தமிழர்களுக்கு. ஆராதனை முடிந்து சாப்பிடும்போது ஆண்கள் ஒரே மேசையில் கூடி விசாவைப் பற்றிப் பேசுவார்கள். "நாமெல்லாம் மாடர்ன் ஸ்லேவ்ஸ்தான் ப்ரோ" என்று யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். சொல்லிவிட்டு இன்னொரு தரம் பிரியாணி போட்டுக்கொள்ள எழுந்து போவார். ஒருநாள் அதைச் சொன்னது என் கணவர். எட்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அப்பா, டிட் தே செயின் யூ டு யுவர் ஸ்டாண்டிங் டெஸ்க்?"

ஆபீஸில் அவர் நின்றபடியே வேலை பார்க்கக் கொடுத்திருக்கும் ஒசத்தி மேசை அது. அவளுக்கு அந்தச் சமயத்தில் பள்ளி மாவட்டத்தின் வரலாற்றுப் போட்டிக்கு ஒரு ப்ராஜெக்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்கக் கரையோரம் ரோந்து போய் அடிமைக் கப்பல்களைப் பிடித்த பிரிட்டிஷ் கடற்படைதான் தலைப்பு. நாங்கள் இரண்டு பேருமே திருநெல்வேலிப் பக்கம், மிஷன் பள்ளியில் படித்தவர்கள். வெள்ளைக்காரன் செய்த நல்ல காரியம் என்றால் எங்களுக்குக் கேள்வியே கிடையாது. "சூப்பர் டாபிக். பாசிட்டிவா இருக்கும்" என்றார் கணவர்.

எங்கள் வீட்டுப் பிள்ளை கையில் எடுத்தது எதுவும் பாசிட்டிவாக முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கொட்டினாள். கடற்படை நிறையப் பேரை மீட்டது நிஜம்தான். ஆனால் ரொம்ப காலம், பல நாட்டுக் கப்பல்களை, உள்ளே அடிமைகள் இருந்தால் மட்டுமே பிடிக்கலாம் என்று ஒப்பந்தம். வெறுங்கப்பல் எதற்காகக் கரைக்கு வருகிறது என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் தொடக் கூடாது. அதனால் அது நிரம்பட்டும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. மீட்கிற தலைக்கு இவ்வளவு என்று மாலுமிகளுக்குச் சன்மானமும் உண்டு. துரத்தலில் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தால், வியாபாரிகள் சிலர் ஆட்களை விலங்கோடு கடலில் தள்ளியிருக்கிறார்கள். "டு கெட் ரிட் ஆஃப் த எவிடன்ஸ், அம்மா" என்றாள்.

பிற்பாடுதான் சட்டத்தை மாற்றினார்களாம். ஆளே இல்லாவிட்டாலும் சாமான் போதும். விலங்குகள், கூடுதலாக ஒரு தளம் போடப் பலகைகள், தேவைக்கு மேல் தண்ணீர்ப் பீப்பாய்கள், மாலுமிகளின் எண்ணிக்கைக்குப் பொருந்தாத பெரிய சமையல் பாத்திரம். இத்தனை பெரிய பாத்திரத்தில் யாருக்குச் சமைக்கப் போகிறாய்? பதில் இல்லையென்றால் கப்பல் பறிமுதல். இந்த இடத்தில் மகளின் கண் மின்னியது.

கணவருக்கு வேறு கவலை. அமெரிக்கக் கொடியை ஏற்றிக்கொண்டால் பிரிட்டிஷ்காரன் சோதனை போட முடியாது என்று அடிமை வியாபாரிகள் அந்தக் கொடிக்குப் பின்னால் ஒளிந்த கதையும் போட்டிக்கு அவள் தயாரித்த போர்டில் இருந்தது. "அத மட்டும் போடாத கண்ணு. க்ரீன் கார்டு வரட்டும், அப்புறம் எழுதலாம்" என்றார். எங்கள் வரிசை நகர்கிற வேகத்துக்கு அதை அவள் பேத்திதான் எழுத வேண்டியிருக்கும். அவள் கொடியை இன்னும் பெரிதாக வரைந்து, கலரும் அடித்தாள்.

போர்டு தயார். முன்னால் வைக்க ஒரு பெரிய பாத்திரம் வேண்டும் என்றாள். கடைகளில் தேடினோம். அங்கே இருந்ததில் சூப் வைக்கலாம், கப்பலைப் பிடிக்க முடியாது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது அசன அண்டா. வருஷத்துக்கு ஒருமுறை சபையே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துதான் எங்களுக்கு அசனம். அன்றைக்கு மட்டும் வெளியே வரும் அண்டா அது. மலைக்கு அந்தப் பக்கம் லிவர்மோரில் இருக்கும் ஒரு அங்கிள் தன் மனைவியின் நினைவாகச் சபைக்குக் கொடுத்தது. இப்போது அவர் தனியாக இருக்கும் வீட்டின் கராஜில்தான் இருக்கும், அவரே துடைத்து அவரே கொண்டுவருவார். நம் ஊரில் பேர் வெட்டாத பாத்திரம் பாத்திரமே இல்லையே. ஒரு சிலுவை, கீழே "அன்பு மனைவி" என்று ஆரம்பித்து ஆன்ட்டியின் முழுப்பேர், இறந்த தேதி, எல்லாம் அழகாக வெட்டியிருக்கும்.

போனில் கேட்டேன். "பிள்ளைக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் அங்கிள். பிரிட்டிஷ் நேவி, அடிமைக் கப்பல்…"

"அடிமை வியாபாரத்த ஒழிச்சவம்லா! தாராளமா எடுத்துட்டுப் போங்கம்மா. நேவிக்காரனுக்குச் சோறு பொங்குன அண்டான்னா அவளுக்கும் சந்தோஷம்தான்."

"இல்ல அங்கிள், இது வந்து அந்தப் பக்கத்துக் கப்பலு…"

அவர் அதற்குள் அண்டாவை எப்படிச் சாய்த்துக் காரில் ஏற்ற வேண்டும் என்பதற்குப் போய்விட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அந்த மனுஷர் ஆன்ட்டியின் பேரைச் சொல்லும்போதே குரல் தழுதழுக்கிறவர். அதே பேர் அடிமைக் கப்பலின் சட்டியில் நிற்பதை அவர் பார்த்துவிடக் கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

போட்டி நாள் பள்ளியின் ஜிம்மில் அண்டாவை இறக்கி, வெட்டிய பேரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காரை நிறுத்தப் போனேன். திரும்பி வந்தால் பேர் முன்பக்கம் பார்த்துச் சிரிக்கிறது. போதாததற்கு அதன்மேல் ஒரு குட்டி விளக்கு வெளிச்சம் வேறு.

"ஏன்டி திருப்பின?"

"த ரைட்டிங் லுக்ஸ் ஸோ ஓல்ட், அம்மா! லைக் இட்ஸ் ஃப்ரம் அன் ஆக்சுவல் ஷிப்."

அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும். எழுத்தென்றால் தமிழும் ஒன்று, கோலமும் ஒன்று. மறுபடி திருப்பலாம் என்று அண்டாவின் காதைப் பிடித்தேன். வாசலில் அங்கிள். கோட், டை, கையில் மகளுக்கு ஒரு சாக்லேட் பெட்டி. பிள்ளையின் ப்ராஜெக்ட்டைப் பார்க்க மலை தாண்டி டிரைவ் பண்ணி வந்திருக்கிறார். அண்டாவை எடுக்கப் போனபோது எந்த நாள், எந்தப் பள்ளி என்று கேட்டு வைத்திருந்தார்.

நேராக வந்து போர்டைப் படித்தார். தலைப்பிலிருந்து கடைசி வரி வரை, ஒன்று விடாமல். பிறகு குனிந்து அண்டாவைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்து நடுவர் அம்மா வந்து நின்றாள். மகள் ஒரு திக்கலும் இல்லாமல் எல்லாம் சொன்னாள். கேட்டுவிட்டு நடுவர் அண்டாவைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். பாத்திரம் செய்த கம்பெனியின் பேர் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"மை வைஃப்" என்றார் அங்கிள்.

நடுவர் அவரையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னத்தையோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

"மன்னிச்சிருங்க அங்கிள், அன்னைக்கே சொல்ல வந்தேன்…"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. மகளுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கண் நிறைந்துவிட்டது. "ஐ டிட்ன்ட் நோ இட் வாஸ் ஆன்ட்டி" என்றாள். விளக்கை அணைத்தாள்.

"அழாத பாப்பா. இந்தச் சட்டிதான காட்டிக்குடுத்துச்சு?"

"எஸ், அங்கிள். த பாட் வாஸ் த ப்ரூஃப்."

"அப்போ சரியான ஆள்தான். அவ இருந்தவரைக்கும் வீட்ல ஒண்ண ஒளிக்க முடியாதுல்லா." விளக்கை அவரே போட்டுவிட்டார். அப்புறம் போர்டில் பெரிய பாத்திரத்தைப் பற்றிய வரியில் விரலை வைத்தார்.

"ஆளு கம்மி, ஆக்குறது அதிகம்னா பிடிச்சிருவானா?"

"எஸ், அங்கிள்."

"அப்படின்னா என்னையும் பிடிச்சிருவான். இப்பவும் ரெண்டு பேருக்குத்தான் அரிசி போடுதேன்."