எர்த் குழிக்குத் தண்ணீர்

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஆம்பளை தண்ணீர்க் குடம் தூக்கினால் ஊரே வேடிக்கை பார்க்கும். தேசப்பன் தினமும் சாயங்காலம் தூக்குவார். குழாயடியிலிருந்து கொண்டுவந்து வீட்டுச் சுவரோரம் வெறும் மணலில் ஊற்றுவார். அங்கே ஒரு செடிகூடக் கிடையாது. "இன்னா தேசப்பா, மணலு முளைச்சிடுச்சா?" என்று வலை கட்டுகிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அவர் காலிக் குடத்தோடு வீட்டுக்குள் போய்விடுவார். பக்கத்து வீட்டில் கருவாடு காயவைக்கிற எனக்குத்தான் கதை முழுசாகத் தெரியும்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு எல்லாமே ஒரே மகள் நந்தினிதான். படித்து, வேலை கிடைத்து, போரூரில் குடியிருக்கிறாள். போன வருஷம் கரண்டு கார் ஒன்று வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். சின்னக் கார். திரும்பிப் போக மிச்சமிருந்த சார்ஜ் போதாது, ராத்திரி முழுக்க வீட்டு பிளக்கில் போட்டால்தான் நிரம்பும் என்றாள். தேசப்பன் முகத்தைப் பார்க்கணுமே! ராத்திரி முழுக்க என்றால் மகள் தங்குவாள். விடிகாலையில் அவர் படகு கரையேறும்போது கூடையோடு நிற்பாள். மற்றப் படகுகளுக்கெல்லாம் பெண்டாட்டியோ மகளோ வந்து நிற்கிறார்கள். இவருக்கு யாரும் நிற்பதில்லை. அந்த மனுஷன் ஏங்கியதெல்லாம் அப்படி ஒரே ஒரு காலைக்குத்தான்.

பிளக்கைச் சொருகினாள். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எர்த் சரியில்ல நைனா. ஏறாது" என்றாள். பொன்னேரிப் பக்கம் சார்ஜ் போடும் இடம் இருக்கிறதாம், அதுவரை எப்படியும் போய்விடலாமாம். ஏசிகூடப் போடாமல் கிளம்பிவிட்டாள். அவர் வைத்த நண்டுக் குழம்பு எங்கள் வீட்டுக்கு வந்தது.

மறுநாளே பழவேற்காட்டிலிருந்து எலெக்ட்ரீஷியன் ஆல்வினைக் கூட்டிவந்தார். ஆல்வின் சுவரோரம் ஆழமாகக் குழி தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினான். "மணலு காஞ்சா எர்த் நிக்காதுண்ணா. எப்பவும் ஈரமா வச்சிக்கோங்க" என்றான். அன்றைக்குப் பிடித்ததுதான் அந்தக் குடம். காய்ச்சலில் படுத்தபோதும் விடவில்லை. நந்தினி போனில் "அடுத்த வாரம் வரேன் நைனா" என்பாள். அடுத்த வாரங்கள் வந்துகொண்டேயிருந்தன, அவள்தான் வரவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வேறு கார், பெரிசு. பழையதைக் கொடுத்துவிட்டாளாம். தேசப்பன் ஓடிப்போய் பிளக்கைக் காட்டினார்.

"எர்த் போட்டாச்சும்மா. இப்ப ஏறும்."

"இதுக்கு வேணாம் நைனா. ஒரு தபா ஏத்துனா இங்க ரெண்டு தபா வந்துட்டுப் போலாம்."

"நல்லதாப் போச்சு" என்றார்.

சாப்பிட்டாள், கொஞ்ச நேரம் பேசினாள். வெயில் சாய்ந்ததும் கிளம்பினாள். சுவரோரம் வரும்போது செருப்பு மணலில் பதிந்தது.

"இன்னா நைனா, இங்க மட்டும் ஈரம்? பைப்பு ஒழுகுதா?"

"ஆமாம்மா, ஒழுகுது."

"ஆள வச்சி சரி பண்ணு நைனா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். கார் சத்தமே இல்லாமல் போய்விட்டது. டீசல் வண்டியாக இருந்தால் திருப்பம் தாண்டும்வரை சத்தமாவது கேட்டிருக்கும்.

எனக்கு வந்ததே கோபம். "ஒரு ராத்திரி இருந்துட்டுப் போடினு சொல்றதுக்கு இன்னாண்ணா கேடு உனக்கு?" என்று கத்தினேன்.

அவர் அந்தச் செருப்புத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால கேக்க முடியலம்மா. வண்டி கேக்கும்னு நெனச்சேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலமும் குடத்தோடுதான் வந்தார்.