வாரேன் என்று சொல்லாத ஃபங்ஷன்

போன வருடத்துக்கு முந்தைய வருடம், கோடை விடுமுறை விட்ட அன்று சாயங்காலம் இது தொடங்கியது. இடம், ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை அறை. நான் அங்கே கணக்கு டீச்சர். எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார், புதிதாக ஆள் கிடைக்கவில்லை. "ஜூன்ல இருந்து பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸையும் நீங்களே எடுத்துக்கங்க. கணக்குத் தெரிஞ்சவங்களுக்கு அது ஒரு விஷயமா?" என்றார் தலைமை ஆசிரியை. பள்ளி திறந்ததும் நிர்வாகத்தார் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டுமாம். அது சரியாக அமையாவிட்டால் இரண்டு பாடமும் தெரிந்த ஒருவரை வெளியூரிலிருந்து வரவழைத்துக்கொள்வார்களாம். அப்படி ஒருவர் வந்தால் எனக்கு அங்கே என்ன வேலை? அதை அவர் சொல்லவில்லை, எனக்கே புரிந்தது.

மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், முதுகு வலியோடு சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்த சமயம். வீடு என் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்ததெல்லாம் மார்க் ஷீட் தட்டுவதும் கேள்வித்தாள் தட்டுவதும்தான். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியின் பெயரை யாராவது சொன்னால் பாம்பு ஞாபகம்தான் வரும்.

தனியாகச் சொல்லிக் கொடுக்க ஆள் தேடினேன். முதலில் டவுனில் ஒரு கோச்சிங் சென்டர். அங்கே இருந்த தம்பி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு மழை பெய்வது போலத் தட்டுவார், தட்டி முடித்துவிட்டு "புரிஞ்சுதா மேடம்?" என்பார். நானும் மண்டையை மண்டையை ஆட்டுவேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் முதல் வரியே வராது. அடுத்து ஆன்லைனில் ஒருவர். முகம் தெரியாது, குரல் மட்டும்தான், அதுவும் முழுக்க இங்கிலீஷில். சந்தேகம் கேட்டால் வீடியோ அனுப்புகிறேன், பாருங்கள் என்பார். வீடியோ பார்த்தே தெரிந்துகொள்வதென்றால் இவர் எதற்கு என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா. பாம்பனில் தனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறாள், நேரம் இருந்தால் சொல்லியும் தருவாள் என்று நம்பர் கொடுத்தார். போன் போட்டேன். "ஆன்லைன் வேணாம்க்கா. இங்கன காத்தடிச்சா நெட்டு போயிரும். நேர்ல வாங்க, உங்க கை எங்கன தடுமாறுதுன்னு நான் பாக்கணும்" என்றது ஒரு சின்னப் பெண் குரல்.

மச்சானிடம், "ஃபங்ஷன் படிக்கப் பாம்பன் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றேன். "யார் வீட்டு ஃபங்ஷன்?" என்று கேட்டார். புரோகிராமில் ஒரு சின்ன வேலையைத் தனியாகப் பிரித்து எழுதி வைப்பதற்கு ஃபங்ஷன் என்று பெயர் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். சிரித்துக்கொண்டே ராமேஸ்வரம் பஸ் ஏறினேன்.

பாம்பனில் இறங்கி விசாரித்துப் போனால், மாதா படம் மாட்டிய ஒரு சின்ன ஓட்டு வீடு. கல்லூரிப் பெண் மாதிரி இருந்த ஒருத்தி வெளியே வந்து "வாங்கக்கா" என்றாள். எனக்கும் அவளுக்கும் கிட்டத்தட்ட ஒரு தலைமுறை வித்தியாசம். உள்ளறையில் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, மேஜையில் லேப்டாப். வாசல் பக்கம் அவள் அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார். அப்பா வல்லம் என்னும் நாட்டுப்படகில் கடலுக்குப் போயிருந்தார். அது மீன்பிடித் தடைக்காலம். ஆனாலும் தடை விசைப்படகுகளுக்குத்தான், வல்லம் போகலாம்.

அந்தப் பெண் சொல்லிக் கொடுத்த விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கீபோர்டை அவள் தொடவே மாட்டாள். தப்போ சரியோ நான்தான் தட்ட வேண்டும். தட்டி முடித்து, எழுதியதை ஓட்டிப் பார்க்க ரன் கொடுக்கப் போனால் என் கையைத் தடுப்பாள். "பொறுங்கக்கா, என்ன வரும்னு முதல்ல வாயால சொல்லுங்க" என்பாள். நான் ஒன்று சொல்வேன், திரையில் வேறொன்று வரும். தப்பு என்ற வார்த்தையே அவள் வாயில் வராது. "நீங்க ஏன் அப்படி நெனச்சீங்க?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்பாள். அவளுக்குத் தெரியாததை நான் கேட்டுவிட்டால் தெரியவில்லை என்று பளிச்சென்று சொல்வாள். அடுத்த வகுப்பில் முதல் பேச்சே அதுவாகத்தான் இருக்கும். இத்தனை வருடம் டீச்சராக இருந்தும் அந்தத் தைரியம் எனக்கு வந்ததில்லை.

இப்படியே சில வகுப்புகள் நன்றாகத்தான் போயின. ஃபங்ஷன் பாடத்தில் வந்து முட்டிக்கொண்டேன். அன்றைக்கு அவள் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. மார்க்குகளைக் கூட்டும் ஒரு ஃபங்ஷன் எழுத வேண்டும், அது கூட்டிக் கொடுத்த விடையைத் திரையில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். எழுதினேன். ரன் கொடுத்தால் விடை வரும் இடத்தில் 'நன்' என்று வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். மாற்றி எழுதினேன், மறுபடியும் 'நன்'. அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன், அதேதான். அவளோ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "எங்கன விட்டீங்கன்னு நீங்களே பாருங்கக்கா" என்று பொறுமையாக உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு மானம் போனது. கணக்கு டீச்சர், ஒரு கூட்டல் வரவில்லை. வேலை போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டின. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, "எனக்கு இது வராதும்மா. நான் போறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கும் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த அவள் அம்மா அப்படியே எழுந்து வழியை மறித்து நின்றார்.

"ஏம்மா, என்ன வார்த்தை சொல்றீங்க? வல்லம் கடல்ல கெடக்கு. வாசப்படியில நின்னு போறேன்னு சொல்லலாமா? உள்ள போயி உக்காருங்க. தண்ணியக் குடிங்க. வாரேன்னு சொல்லிட்டுக் கெளம்புங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எங்கள் வீடுகளிலும் யாரும் போறேன் என்று சொல்லிக் கிளம்ப மாட்டோம். வாப்பா வெளிநாட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் 'வாரேன்' என்று சொல்லித்தான் கிளம்புவார். கோபத்தில் வாய் தவறிவிட்டது, அதுவும் ஆள் கடலில் இருக்கும் வீட்டில். திரும்பி வந்து உட்கார்ந்தேன். சொம்பில் தண்ணீர் வந்தது, குடித்தேன்.

பார்த்தால் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, நீங்க இப்ப செஞ்சதத்தான் உங்க ஃபங்ஷனும் செஞ்சிருக்கு. நீங்க சொன்ன வேலையச் செய்யப் போச்சு, கூட்டுச்சு, விடையக் கண்டுபிடிச்சுச்சு. ஆனா வாரேன்னு சொல்லல. விடைய வச்சுக்கிட்டு அங்கனயே நின்னுருச்சு. அதான் உங்க கையில ஒண்ணுமே வரல. அது போறது பெரிசில்லக்கா, கையில எதையாவது கொண்டு திரும்பி வரணும்."

என் ஃபங்ஷனின் கடைசி வரியைப் பார்த்தேன். ரிட்டர்ன் என்ற சொல்லை நான் எழுதவே இல்லை. திரும்பி வா என்று சொல்லவே இல்லை. அந்த ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, ரன் கொடுக்கும் முன் என்ன வரும் என்று நானே சத்தமாகச் சொன்னேன். சொன்ன விடை அப்படியே வந்து நின்றது. சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். வாசலிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கு எனக்குக் கிளம்பவே மனசு வரவில்லை. என் வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டதே, கடலுக்குப் போனவர் நல்லபடியாகக் கரை வந்து சேரட்டும் என்று உட்கார்ந்து ஃபங்ஷன் ஃபங்ஷனாக எழுதிக்கொண்டிருந்தேன். மதியம் தாண்டி அவள் அப்பா வந்து கூடையை இறக்கி வைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நடந்ததை அம்மா ஒன்று விடாமல் சொன்னார். அதைக் கேட்ட அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுக்காகவா டீச்சரம்மா சாப்பிடாம உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டு, கிளம்பும்போது ஒரு விளமீனையும் பையில் போட்டுக் கொடுத்தார். வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி "வாரேன்" என்றேன். மூவருமே சிரித்துவிட்டார்கள்.

ஜூனில் மாதிரி வகுப்பு. தலைமை ஆசிரியையும் நிர்வாகத்தார் இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பாடம் ஃபங்ஷன். வேண்டுமென்றே ரிட்டர்ன் இல்லாமல் எழுதி, ரன் கொடுக்காமல், என்ன வரும் என்று கேட்டேன். பிள்ளைகள் ஒன்று சொன்னார்கள், ரன் கொடுத்தால் திரையில் 'நன்' வந்தது. வகுப்பு முழுக்க ஒரே சலசலப்பு. "வீட்ட விட்டுக் கெளம்பயில என்ன சொல்லிட்டுக் கெளம்புவீங்க?" என்று கேட்டேன். அத்தனை பேரும் ஒரே குரலில், "வாரேன்" என்றார்கள். "இது சொல்லாமக் கெளம்பிருச்சு" என்றேன். பிறகு ஒவ்வொரு முகமாக விளக்குப் போட்ட மாதிரி ஆனது. கடைசி பெஞ்சில் நிர்வாகத்தாரில் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் "ரிட்டர்ன் போடல" என்று கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. வேலை எனக்குத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸில் என் பிள்ளைகள் ஒருத்தி விடாமல் பாஸ். இனிப்புக்குக் கீழக்கரைத் தொதல் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு நேரே பாம்பனுக்குப் போனேன். வாசலில் அம்மா, "கையில என்னம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அந்தப் பெண், "வெறுங்கையோட திரும்பி வரலம்மா, டீச்சர் ரிட்டர்ன் போட்டு வந்திருக்காங்க" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைவிட வயதில் எவ்வளவோ சின்னவளை அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டு "டீச்சர்" என்று கூப்பிட்டேன். அவள்தான் வெட்கப்பட்டுப் போனாள்.

இப்போதெல்லாம் என் வகுப்பில் ஒரு பிள்ளை "எனக்கு இது வராது மிஸ்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினால் நான் கோபப்படுவதில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்து மறுபடி உட்கார வைக்கிறேன், ஏனென்றால் அன்றைக்குப் பாம்பன் வாசலில் அந்த அம்மா என்னை மறித்துத் திரும்ப உட்கார வைத்திராவிட்டால் நான் அப்படியே போயே போயிருப்பேன்.