சக்களத்திக்குப் போன பலகைகள்

தையல்காரிக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். அவளுக்குச் சமைக்கத் தெரியாது, சிரிக்கத் தெரியாது, சண்டைக்கு இழுத்தால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. நாலு சுவரும் ஓட்டைக் கூரையுமாகத் தெருக்கோடியில் உட்கார்ந்திருந்த தேவாலயம்தான் அந்தச் சக்களத்தி. இப்படி நினைப்பது பாவம் என்று தையல்காரிக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? வயிறு எரிகிறதே.

சின்ன வயதிலேயே அப்பா போய்ச் சேர்ந்துவிட, அம்மாவின் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள் அவள். அதற்குப் பிறகு நிம்மதியாக எழுந்ததே இல்லை. பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, தலையணை உறை, சன்னல் திரை, யாராவது இளைத்துப்போனால் பிடித்துக் கொடுப்பது, பருத்துப்போனால் பிரித்துக் கொடுப்பது, எல்லாம் அவள் கைதான். கை சுத்தமான கை. ஒரு நூல் கோணினாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். கண்ணில் பட்டது வாயில் வராமல் போகாது. அவளிடம் சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் கூடவே கொஞ்சம் பேச்சும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

கட்டிக்கொண்டவர் தச்சர். ஊருக்கெல்லாம் கதவும் அலமாரியும் செய்து கொடுத்த மனிதர் வீட்டில் முக்காலிக்கு இரண்டே கால். சுவரில் சாய்த்து வைத்துத்தான் உட்கார வேண்டும். பின்கட்டுப் படுக்கையறைக்குத் தகரக் கூரை. வெயிலில் உள்ளே நின்றால் வெந்துபோவோம். மழை பெய்தால் பக்கத்தில் படுத்திருப்பவரிடம் கத்திப் பேச வேண்டும். கல்யாணம் ஆன புதிதில், "தகரத்துக்கு அடியில பலகை அடிச்சுத் தர்றேன்" என்று வாக்குக் கொடுத்தார். வாக்குக்கு நரை விழுந்துவிட்டது.

வீட்டில் அவர் வேலையே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. எப்போதாவது ஏணியில் ஏறுவார். வாய் நிறைய ஆணியைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். கீழே நின்று அவள், "இந்தப் பக்கம் தூக்கியிருக்கு பாருங்க", "அந்தச் சட்டம் இழுத்துக்கிட்டு நிக்குது" என்பாள். அவர் "ம்" என்பார். வாயில் ஆணி இருக்கும்போது வேறென்ன சொல்வார்? தச்சர்கள் அப்படித்தான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒருவழியாக அவள் தையல் காசிலேயே நல்ல பலகைகள் வந்து சேர்ந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒரு தடவு தடவிவிட்டுப் போவாள். அந்த வாரம்தானா பிரசங்கத்தில் போதகருக்கு ஒரு பழைய தீர்க்கதரிசி ஞாபகத்துக்கு வர வேண்டும்?

வேதத்தில் வரும் எபிரேயர் கதை. அந்நிய தேசத்துச் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த ஜனங்கள் அவரவர் வீட்டுக்குப் பலகை பதித்து அழகு பார்த்துக்கொண்டிருக்க, ஆண்டவரின் வீடு மட்டும் இடிந்து கிடந்ததாம். 'அவர் வீடு பாழாய்க் கிடக்கும்போது உங்களுக்கு மட்டும் பலகை வீடு கேட்கிறதோ, மலைக்குப் போய் மரம் கொண்டுவாருங்கள்' என்று தீர்க்கதரிசி ஒரு பிடி பிடித்தாராம். போதகர் சொல்லச் சொல்ல, தச்சர் தலை குனிந்துகொண்டே போனது. தையல்காரி ஓரக்கண்ணால் பார்த்தாள். போச்சு, என் பலகை போச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் பலகைகள் அவர் தோளில் இருந்தன.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"ஆலயத்துக்கு. மழை வந்தா பிரசங்க மேடையே நனையுது."

"அது என் பலகை."

"நேத்து நீயும் கேட்டல்ல?"

"கேட்டேன். பலகை வீட்டுல சொகுசா உட்கார்ந்திருந்தவங்களத்தான் அவர் திட்டினாரு. நான் எந்தப் பலகைக்கு அடியில உட்கார்ந்திருக்கேன்? தகரத்துலதான வேகுறேன்?"

தச்சர் பலகைகளைத் தோளில் சரிசெய்துகொண்டார். "முதல்ல அவர் வீடு. அப்புறம் நம்ம வீடு" என்றார். போய்விட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் ஆலயம். வேலை முடிந்து வந்து முகம் கழுவினால் கழுவின கையோடு ஆலயம். தையல்காரி ஜெபத்தில் நேரடியாகவே கேட்டுவிட்டாள்: ஆண்டவரே, வானமே உம்முடையது, உமக்கு என் பலகைதானா கிடைத்தது? பதில் வரவில்லை. சட்டையைப் பிரித்துத் தரச்சொல்லி நாத்தனார்தான் வந்தாள்.

"அண்ணி, அண்ணன் நல்லாப் பாடுறான். தெரு வரைக்கும் கேக்குது."

"யாரு, உங்கண்ணனா? பாடுறாரா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. இத்தனை வருஷத்தில் அவர் தொண்டையிலிருந்து ஒரு முனகல்கூட அவள் கேட்டதில்லை. அன்று அவள் தைத்த தையல் கோணிக்கொண்டு போனது, பிரித்துத் தைத்தாள், மறுபடியும் கோணியது. பலகை போனால் போகிறது, மரம்தானே. பாட்டையும் அங்கேயே கொண்டுபோய்க் கொட்டினால் அவள் என்ன ஆவாள்? எரிச்சல் தாங்காமல் மிஷினை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பக்கவாட்டுக் கதவோரம் போய் நின்றாள். உள்ளே சாரத்தின் மேல் தச்சர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். பாடிக்கொண்டும் இருந்தார். நல்ல குரல்தான், பாழாய்ப் போன குரல். அவள் கண் அவருடைய கையைத் தொடர்ந்து போனது. ஆணி வாயிலிருந்து வரவில்லை. பக்கத்தில் இருந்த தகர டப்பாவிலிருந்து வந்தது.

"வீட்டுல வாயில வச்சுக்குவீங்க, இங்க மட்டும் டப்பாவா?"

பாட்டு நின்றது. தச்சர் திரும்பிப் பார்த்தார். மெதுவாக இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

"வாயில வச்சா பாட முடியாதுல்ல."

"அப்ப வீட்டுல?"

அவர் சுத்தியலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "வாயில ஆணி இருந்தா உனக்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல."

அதில் கோபம் இல்லை. அதுதான் அவளைத் தைத்தது.

"ஆண்டவருக்காகத்தான் வந்தேன், பொய் சொல்லல" என்றார் அவர். "ஆனா இங்க யாரும் கோணல்னு சொல்றதில்ல. சாயங்காலமானா கால் தானா வருது. கஷ்டப்பட்டு ஊழியம் செய்யறேன்னு நீ நெனைக்கிற. எனக்கு இதுதான் சுகம். பலகை வீட்டுல சொகுசா இருந்தவன் நான்தான்னு இப்பத் தோணுது."

அவளுக்குச் சொல்ல நூறு இருந்தது. நான் சொன்னதெல்லாம் உங்கள் நல்லதுக்கு என்பது ஒன்று. அண்ணாந்து பார்த்தபோது ஒரு பலகை நூலளவு கோணி நின்றது வேறு தெரிந்துவிட்டது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. குறை சொல்வது அவளுக்கு எத்தனை சுகம் என்று அன்றுவரை அவளுக்கே தெரியாது. மலையேறி மரம் கொண்டுவா என்றால்கூடக் கொண்டுவந்திருப்பாள். இந்த வாயை மூடுவது இருக்கிறதே!

"இன்னும் எவ்வளவு பாக்கி?" என்றாள்.

"அந்த ஓரம் மட்டும்."

அவள் சாரத்தில் ஏறினாள். டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி ஆணியை அள்ளித் தன் வாயில் கவ்விக்கொண்டாள். ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"என்ன பண்ற நீ?"

"ம்" என்றாள்.

தச்சர் சுத்தியலோடு பின்னாலேயே ஏறி வந்தார். பிறகு வாங்கி அடித்தார். அவள் அடுத்ததை நீட்டினாள். நாக்கெல்லாம் இரும்பு ருசி. வெகுநேரம் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பலகை முடிந்து அடுத்த பலகைக்கு நகரும்போது அவர் தொண்டைக்குள் ஏதோ முனகியது. அது பாட்டாக ஆயிற்று. அவள் அசையாமல் நின்றாள், அசைந்தால் நின்றுவிடுமோ என்று. பொறாமை போய்விட்டதா என்றால் எங்கே போனது? அந்தச் சுவர்கள் இத்தனை நாளாக இதைக் கேட்டிருக்கின்றனவே என்று இருந்தது.

நகர்ந்து நகர்ந்து அந்தக் கோணல் பலகைக்குக் கீழே வந்தார்கள். தச்சர் பாட்டை நிறுத்திக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது கோணலாவா இருக்கு?"

வாய் நிறைய ஆணியோடு அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"ஆலயத்துக்குள்ள நின்னுக்கிட்டுப் பொய் சொல்லாத" என்றார் தச்சர். ஆணியைப் பிடுங்கிப் பலகையை நேராக்கினார். பிறகு, விட்ட இடத்திலிருந்து பாடினார்.