குளிப்பாட்டுகிறவள் சொன்னது

கீழக்கரையில் எங்கள் தெருப் பெண்கள் மவுத்தானால் குளிப்பாட்ட மஜீதா மாமியைத்தான் கூப்பிடுவார்கள். கதவைச் சாத்தி, போர்த்திய துணிக்கு அடியில் கைவிட்டுக் கழுவுவார். இறந்தவர் உடம்பில் எதைக் கண்டாலும் வெளியே சொல்லக் கூடாது என்பது வழக்கம். மாமி சொன்னதில்லை. அதனால்தான் அவரை எல்லா வீட்டிலும் நம்பினார்கள்.

பக்கத்து வீட்டு ஜுனைதாவின் உம்மா வயிற்று வலியில் போனதாகச் சொன்னார்கள். அன்று குளிப்பாட்டிவிட்டு வந்த மாமி நெடுநேரம் கை கழுவிக்கொண்டே நின்றார்.

நான்கு வருடம் கழித்து, 1958இல், ஜுனைதாவுக்குக் கக்கத்தில் கட்டி வந்தது. சூட்டுக் கட்டி என்று அவள் மாமியார் மஞ்சள் அரைத்துப் பூசினார். நானும் அங்கே இருந்தேன். கட்டி என்று கேள்விப்பட்டு மஜீதா மாமி வந்தார்.

"கையத் தூக்கு புள்ளே."

"மையித்தத் தொடுற கை, எனக்கு எதுக்கு மாமி? கூசுது!" என்று ஜுனைதா சிரித்தாள்.

மாமி விரலால் அழுத்திப் பார்த்தார். புளியங்கொட்டை அளவு, கல்லாக இருந்தது, நகரவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"மாருல ஏதும் இருக்கா?"

ஜுனைதா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ச்சீ, ஒண்ணுமில்ல."

மாமி என்னைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஒங்க உம்மா வயித்துவலியில போவல. எடது மாரு பூரா புண்ணு. தோலு நார்த்தங்காத் தோலாட்டம் இருந்துச்சு, காம்பு உள்ள இழுத்துப் போச்சு. புண்ணு விலா எலும்போட ஒட்டிக்கிருச்சு. கக்கத்துல இதே கட்டி."

"வெளிய போ மஜீதா!" என்று கத்தினார் மாமியார். "மவுத்தானவ மானத்தத் தெருவுல கொட்டுறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

கொழும்பிலிருந்து வந்த புருஷன் ஹமீது சுல்தானிடம் மட்டும் ஜுனைதா மாரைக் காட்டினாள். அவர் மதுரைக்குக் கூட்டிப்போனார். அங்கே லேடி டாக்டர் மாரையும், அதன் அடிச் சதையையும், கக்கத்துக் கட்டிகளையும் எடுத்துவிட்டார். மாரில் வரும் புற்று முதலில் கக்கத்துக்குத்தான் பரவுமாம். இன்னும் தாமதித்திருந்தால் கத்தி வைத்தும் பயனில்லை என்றாராம்.

திரும்பி வந்தவளின் நெஞ்சில், எலும்பின் மேல் வெறும் தோல்தான். மூச்சு விடும்போது விலா ஏறி இறங்குவது தெரிந்தது. இடது கை உலக்கையாக வீங்கியது. பிள்ளையைத் தூக்க முடியவில்லை.

மஜீதா மாமியை அதன்பின் யாரும் குளிப்பாட்டக் கூப்பிடவில்லை. ஏர்வாடியிலிருந்து வேறொருத்தி வந்தாள்.

"அவங்க சொல்லலேன்னா நீ இருந்திருக்க மாட்டே" என்று ஒருநாள் ஜுனைதாவிடம் சொன்னேன்.

"இருக்கேன்ல. எங்க உம்மா மானந்தான் போச்சு." வீங்கிய கையை மறு கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த ஜன்னலச் சாத்து. தெருவுல மஜீதா வாரா."

சாத்தினேன்.