மெல்லிசு என்று சொன்ன குண்டு

எங்கள் பனியன் கம்பெனிக் கூரைக்குள் புறா புகுந்து இரண்டு வருஷம் ஆகிறது. கட்டிங் டேபிளுக்கு மேலே இரும்புச் சட்டத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, வெளுத்து வந்த துணி மேல் எச்சம் போடும். வலை கட்டினோம். ஓரத்து இடுக்கில் புகுந்து வந்தது. பழைய சிடி தொங்கவிட்டோம். அதற்குப் பக்கத்திலேயே கூடு கட்டியது.

என் மனைவியின் தம்பிதான் கம்பெனியில் எனக்குக் கூட்டு. "ஏர் கன் ஒண்ணு வாங்கீரலாங்க மச்சான்" என்றான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மனைவிக்குப் பெரிய ஆபரேஷன் நடந்த அன்று, அவள் பிழைத்து வந்தால் இனி என்னால் ஓர் உயிர் போகாது என்று முருகனிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: மூலையில் ஒரு தகரம் தொங்கவிட்டு அதில் மட்டும் சுடுவோம், சத்தத்துக்குப் பறக்கட்டும். இருப்பதிலேயே மெல்லிசான குண்டாக வாங்கு, தப்பித் தவறிப் பட்டாலும் சாகக்கூடாது.

துப்பாக்கியும் குண்டும் வாங்கி வந்தான். குண்டு டப்பாவில் 5.5 என்று போட்டிருந்தது.

"நாலரைன்னும் ஒண்ணு இருக்குதுங்க மச்சான். இதுதான் மெல்லிசு. நூல் கவுண்ட் மாதிரிதானுங்க, நம்பர் ஏற ஏற சன்னம்."

இருபது வருஷமாக நூலோடு கிடக்கிறேன். முப்பதாம் நம்பரை விட நாற்பதாம் நம்பர் சன்னம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சரிதான் என்று தலையாட்டிவிட்டேன். மனைவியின் தம்பி, எனக்கு மாப்பிள்ளை முறை, அவனே சொல்லும்போது வேறு யாரைக் கேட்பது?

தினமும் காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத் தகரத்தில் நாலு குண்டு சுடுவேன். புறாக்கள் படபடவென்று எழும்பும், கொஞ்ச நேரத்தில் திரும்பும். அப்புறம் நான் சாயப்பட்டறைக்குக் கிளம்பிவிடுவேன். மூன்று வாரத்தில் கூரை காலியானது. ஓர் உயிரும் போகாமல் காரியம் முடிந்ததே என்று பூண்டி கோவிலுக்குப் போய் முருகனுக்கு அர்ச்சனை செய்தேன். மைத்துனனும் கூட வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பிறகு ஒன்றிரண்டு புறா மறுபடி தென்பட்டது. குண்டு தீர்ந்திருந்ததால் டப்பாவை எடுத்துக்கொண்டு அவன் வாங்கிய கடைக்கு நானே போனேன். இதே மாதிரி மெல்லிசு கொடுங்கள் என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"இது பெருசுங்கண்ணா. இது மில்லிமீட்டர் கணக்கு, நாலரைதான் சின்னது." இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "உங்க துப்பாக்கிக் குழலே இந்த அளவுதானுங்க, சின்னது அதுல நிக்காது. புறா ஒரே அடில உழோணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனாருங்க உங்க மாப்பிள்ளை."

நேரே கம்பெனிக்கு வந்து அவனைக் கேட்டேன். அவன் மழுப்பக்கூட இல்லை.

"ஆமாங்க மச்சான். நீங்க பட்டறைக்குப் போனதும் அடிச்சு, வேஸ்ட் துணி மூட்டைக்குள்ள போட்டுட்டேன். பின்னெ, உங்க தகரச் சத்தத்துக்கா புறா ஊரை உட்டுப் போகும்? வேண்டுதல் உங்களுதுதானுங்க, என்னுது இல்லியே."

"அப்புறம் அர்ச்சனைக்கு எதுக்குடா கூட வந்தே?"

"கூப்ட்டீங்க, வந்தேன்."

கட்டிங் டேபிளைச் சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு துணியை நீவினார்கள். எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தம்பி அப்பவே சொன்னானுங்க. வருத்தப்படுவீங்கன்னு நாந்தான் உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னேன்."

அவள் பிழைக்கவேண்டும் என்றுதான் அந்த வேண்டுதல். அது அவளுக்கும் தெரியும். அவளுடைய ஆபரேஷன் தழும்பு எனக்கு ஞாபகம் வந்தது.

அன்றைக்குக் கிருத்திகை. கோவிலுக்குக் கிளம்பலாமாங்க என்றாள். நீ போய்விட்டு வா என்றேன். சுட்டது நான் இல்லைதான். ஆனாலும் என் கூரை, நான் சம்மதித்து வந்த துப்பாக்கி. கொல்லாமல் முடித்துக்கொடுத்தாய் என்று வேறு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இனி அந்தச் சந்நிதியில் என்ன பேசுவது?

அவள் திரும்பி வந்து திருநீறு நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். நெற்றிக்குக் கை போகவில்லை. காலண்டர் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.