சப்பாத்திக் கள்ளியும் குழாயடியில் சொன்ன சொல்லும்

சப்பாத்திக் கள்ளி வளர்க்கப் பெரிய கெட்டிக்காரத்தனம் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். எனக்கு முதலில் அதுவும் இல்லை. கடம்பத்தூரில் தண்டவாளத்து ஓரம் கிடந்த ஒரு மடலைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, அன்றைக்கே பெயிண்ட் வாளியில் ஊன்றி, தினமும் தண்ணீர் ஊற்றினேன். பத்தே நாளில் அழுகி நாறியது. இரண்டாவதும் அப்படியே போன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஒடித்த மடலை ஒரு வாரம் நிழலில் போட்டு வைக்க வேண்டும். ஒடிந்த இடம் காய்ந்து தோல் கட்டியதும் மணலில் நட வேண்டும். வேர் பிடிக்கும்வரை தண்ணீரை மறந்துவிட வேண்டும். "புண்ணு ஆறாம மண்ணுல வெச்சா பொழைக்காது" என்று நானே ஒரு பழமொழி கட்டி, காக்களூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பழமொழி என்றால் எனக்கு அவ்வளவு ஆசை. பஸ்ஸில், கம்பெனி கேன்டீனில் யார் எதைச் சொன்னாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். கிடைக்காத அன்றைக்குச் சொந்தமாகச் செய்துகொள்வேன். அந்த வாய்தான் எனக்கு வினையானது.

மூன்றாம் வருஷம் மொட்டைமாடியில் செடி என் இடுப்பு உயரம் வளர்ந்து மஞ்சள் பூ விட்டது. கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் ஒரு மடல் கேட்டாள். மருந்து பேக்கிங் கம்பெனிக்குக் காலை ஷிப்ட் போகிறவள். இன்னும் கொஞ்சம் தழையட்டும் என்றேன். அடுத்த மாதமும் கேட்டாள். அதையே சொன்னேன். கொடுக்க மனசு வரவில்லை, வேறு காரணம் ஒன்றுமில்லை.

அந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்ட், மத்தியானம் போனால் நடுராத்திரிதான் திரும்புவேன். மாடிப்பக்கம் போகவே இல்லை. சனிக்கிழமை போய்ப் பார்த்தால் உச்சியில் இருந்த மூன்று மடல்களைக் காணோம். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டவள் ஒருத்திதானே என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

கள்ளியில் பெரிய முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிடலாம். மடலில் பொட்டுப் பொட்டாக இருக்கும் சுணைதான் பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாமல் தோலில் இறங்கி நாள்கணக்கில் உறுத்தும். ஞாயிறு காலை குழாயடியில், குடத்தை வைத்துவிட்டு அவள் விரல்களைச் சேலைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீங்கிச் சிவந்திருந்தன. நான் பார்ப்பதைக் கண்டு கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நேராகக் கேட்டிருக்கலாம். பத்துப் பெண்கள் நின்ற இடத்தில் சத்தமாகச் சொன்னேன்:

"முள்ளத் தொட்டவ முந்தானையில கைய மறைப்பா."

"இன்னாக்கா, புதுசா இருக்குது?" என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். என் செடியில் மூன்று மடல் திருட்டுப் போன கதையைச் சொல்லி, கண்ணால் அவளைக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அவள் மாடிப்படிப் பக்கம் போனாள். செய்தித்தாளில் பரப்பிய மூன்று மடல்களைக் கொண்டுவந்து என் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வியாழக்கெழம அடிச்ச காத்துல ஒடிஞ்சு சந்துல வுயுந்து கெடந்துச்சுக்கா. புள்ளைங்க வெறுங்கால்ல ஓடியாடுற எடம். அதான் பொறுக்கி, புண்ணு ஆறட்டும்னு மாடிப்படிக்குக் கீழ போட்டு வெச்சேன். நீதான சொல்லிக்கினு இருந்த. உன்னப் பாத்து சொல்லலாம்னா, நான் வேல முடிஞ்சு வரசொல்ல நீ வேலைக்குப் போயிடுற."

குடம் நிரம்பி வழிந்தது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் பிளாஸ்திரி டேப்பும் தேங்காயெண்ணெயும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அந்த விரல்களில் கையுறை மாட்ட முடியாததால் ஆறும்வரை வேலைக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். கையை நீட்டினாள். டேப்பை ஒட்டி ஒட்டி இழுத்தேன். மஞ்சளாகப் பொடி முடிபோல் வந்தது. என்னை மன்னிச்சுடு என்றேன்.

"இருக்கட்டுங்கா. மடலுக்கு ஒரு வாரம்னு சொன்ன. எனக்கு எத்தினி நாளு ஆவும்னு தெரியல" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு மடலை அவளுக்கென்று புது வாளியில் நட்டுக் கொடுத்தேன். "ஊட்ல எடமில்லக்கா, உன்னுதோடவே இருக்கட்டும்" என்றாள். மாடியில்தான் வளர்கிறது. இப்போது யார் மடல் கேட்டாலும் உடனே ஒடித்துத் தந்துவிடுகிறேன்.

ஆனால் நான் செய்யாத ஒன்று இருக்கிறது. பழி போட்டது பத்துப் பேர் நடுவில். மன்னிப்புக் கேட்டதோ கதவுக்கு உள்ளே. குழாயடியில் நின்று, தப்பு என்னுடையது என்று இன்றுவரை வாய்திறந்து சொல்லவில்லை. நான் கட்டிய அந்தப் பழமொழி மட்டும் எங்கள் தெருவில் நிலைத்துவிட்டது. போன வாரம்கூட, போனை மறைத்த ஒரு பெண்ணைப் பார்த்து யாரோ அதைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கீழ் வீட்டுக்காரி குனிந்து குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் என் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.